சி டிரைவ் சிவந்தால்: எல்லைக்கல்லை நகர்த்துவதா, வீட்டையே மாற்றுவதா?

போன ஆடியில் ஒரு நாள் மதியம், முதலியார்பேட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் சிபியூவைத் துண்டில் சுற்றி பைக் பின்சீட்டில் கட்டிக்கொண்டு, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் டிடிபி கடைக்கு வந்து இறங்கினார். புதுச்சேரியில் சர்வீஸ் ஆளுக்கா பஞ்சம் என்று கேட்டேன்.

"ஆள் இருக்காங்கண்ணே. போற எடமெல்லாம் ஃபார்மட் பண்ணிடலாம்னே சொல்றாங்க. உள்ள ஆறு வருஷக் கல்யாணம் கெடக்கு. அதான் பயந்துக்கிட்டு உங்ககிட்ட வந்தேன்."

மானிட்டரில் மாட்டிப் பார்த்தோம். 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் கணக்கில் 931 ஜிபி. சி டிரைவ் 100 ஜிபி. மிச்சம் 2 ஜிபிகூட இல்லை, பட்டை சிவந்து கிடந்தது. டி 400 ஜிபி, ஏறக்குறைய பாதி காலி. இ 431 ஜிபி, கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. போட்டோஷாப்பில் பெரிய ஆல்பம் திறந்தால், வேலை நடுவே தற்காலிகமாக எழுதிவைக்கும் ஸ்கிராட்ச் டிஸ்க்கில் இடமில்லை என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறது.

"டி-யில எரநூறு ஜிபி சும்மா கெடக்கு. அதுல நூறை எடுத்து சி-க்குக் குடுக்க முடியாதாண்ணே?"

முடியும். நாலைந்து வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

முதலில் சி-க்கு அந்த 100 ஜிபி என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிக் கொடுக்கிறவர்கள் வெகுகாலமாக ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள்: சி-யைச் சின்னதாக வைத்து, மிச்சத்தை டி, இ என்று பிரித்துக் கொடுப்பது. வைரஸ் வந்தால் சி-யை மட்டும் ஃபார்மட் அடித்துவிடலாம், டி-யில் இருப்பது பத்திரம் என்பது கணக்கு. அன்றைக்கு அது நியாயமான கணக்குதான். அதிலிருந்து கிளம்பிய மூடநம்பிக்கை ஒன்று இன்னும் சாகவில்லை: "டி-யில இன்னொரு காப்பி போட்டு வச்சிருக்கேன், பேக்கப் இருக்கு." ஒரே வீட்டில் இரண்டு அறை. வீடு இடிந்தால் இரண்டும்தான் போகும்.

பார்ட்டிஷன் என்பதை மனைப்பிரிவு மாதிரி நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். டிஸ்க் முழுவதும் ஒரே நீள நிலம். சி, டி, இ என்று வரிசையாக எல்லைக்கல் நட்டிருக்கிறது. எந்த மனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது டிஸ்க்கின் தலைப்பகுதியில் ஒரு சின்ன அட்டவணையில் இருக்கிறது. அதைப் பட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டாவில் ஒரு மனையை அடித்துவிட்டாலும் நிலத்தில் இருக்கும் பயிர் அன்றைக்கே அழிந்துவிடாது. டெஸ்ட்டிஸ்க் போன்ற மீட்பு மென்பொருட்கள் தொலைந்த பார்ட்டிஷனைத் திரும்பக் கொண்டுவருவது இந்தத் தைரியத்தில்தான். ஆனால் சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்கான எஸ்எஸ்டியில் இந்தத் தைரியம் செல்லாது. அழித்த இடத்தை டிரிம் கட்டளை வழியாக விண்டோஸ் சொல்லிவிடும், டிஸ்க் அதை உள்ளூரத் துடைத்துவிடும்.

என்னிடம் வருகிற எல்லாரும் எந்த டூல் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். நான் பார்ப்பது வேறு: இந்த வேலையில் டேட்டா இருந்த இடத்திலிருந்து பெயருமா, பெயராதா? மனையின் கடைசி எல்லைக்கல்லை மட்டும் முன்னே பின்னே நகர்த்தினால் பெரும்பாலும் பட்டாவில் ஒரு திருத்தம், சில நொடி வேலை. மனையின் தொடக்கக் கல்லை நகர்த்தினால் அந்த மனையில் இருக்கும் அத்தனையும் பெயர்த்து எடுத்து வேறிடத்தில் எழுதப்பட வேண்டும். டேட்டா போகிற கதைகளில் முக்கால்வாசி இந்த இரண்டாவது வகையில் நடப்பவை.

தம்பிக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டாவது வகைதான். சி-க்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் டி நிற்கிறது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி-யின் மேல் ரைட் கிளிக் செய்தால் நீட்டுவதற்கான எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கிப்போய்த்தான் இருக்கும். டி-யை ஷிரிங்க் செய்து, அதாவது சுருக்கி, 100 ஜிபி விடுவித்தாலும் மங்கலாகத்தான் இருக்கும். ஏனென்றால் ஷிரிங்க் எப்போதும் வலது கோடியிலிருந்துதான் வெட்டும். விடுபட்ட இடம் டி-க்கும் இ-க்கும் நடுவே போய் உட்காரும். சி-க்கு வேண்டியது தனக்கு உடனே வலப்பக்கத்தில் இருக்கும் காலி நிலம். தம்பி இதை ஏற்கெனவே செய்து பார்த்து, பயந்து, திரும்ப டி-யோடு சேர்த்திருக்கிறார். நல்லவேளை, அதற்கு மேல் எதையும் அமுக்கவில்லை. டைனமிக் டிஸ்க்காக (பிரிவுகளை வேறு விதமாகக் கணக்கு வைக்கும் முறை) மாற்றவா என்று விண்டோஸ் கேட்கும் பெட்டி வந்தால் பலர் சரி என்று அமுக்கிவிடுகிறார்கள். பழையபடி பேசிக் டிஸ்க் ஆக்க வேண்டுமென்றால் எல்லா வால்யூமையும் அழித்தால்தான் ஆகும் என்பது விண்டோஸின் விதி. அந்தப் பெட்டிக்கு என் பதில் எப்போதும் 'நோ'.

இனி வழிகள்.

எல்லைக்கல்லைத் தொடாமலே வீட்டைக் காலி செய்வது ஒன்று. இதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. எனக்கு முதல் மரியாதை இதற்குத்தான், ஏனென்றால் இதில் போவதற்கு ஒன்றுமில்லை. ஸ்டூடியோக்காரர்களுக்கு சி நிறைவது விண்டோஸால் மட்டும் அல்ல. வீடியோ எடிட் செய்யும் பிரீமியர் ப்ரோவின் தற்காலிகக் கிடங்கான மீடியா கேச் சொல்லாமல் கொள்ளாமல் சி-யில்தான் சேரும். போட்டோஷாப்பின் ஸ்கிராட்ச் டிஸ்க்கும் நாம் மாற்றாவிட்டால் சி-தான். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் இரண்டும் சி. கஸ்டமர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படமெல்லாம் சி. திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு மெஷினைத் தூங்கவைக்கும் ஹைபர்னேஷனை அணைத்தால் ஒரு பெரிய ஃபைல் போகும். 8 ஜிபி ரேம் இருக்கும் மெஷினில் ஏறக்குறைய 3 ஜிபி. தம்பியின் மெஷினில் மீடியா கேச்சைத் துடைத்ததிலேயே 22 ஜிபி திரும்பி வந்தது. அவர் முகத்தில் பாதிச் சிவப்பு அப்போதே இறங்கிவிட்டது.

டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் போன்ற ஃபோல்டர்களின் பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்று ஒரு தாவல் இருக்கிறது. அங்கே டி-யைக் காட்டினால் ஃபோல்டர் மொத்தமாக அங்கே குடிபோய்விடும். ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர், ஒரு டியூஷன் சென்டர் கம்ப்யூட்டர் என்றால் இதோடு கதை முடிந்தது, அடுத்த வழிகளைப் படிக்கவே வேண்டாம் என்பேன். நாளுக்கு நாள் ஆல்பம் ஏறுகிற ஸ்டூடியோவுக்கு இது ஆறு மாதத் தவணை.

அடுத்தது விண்டோஸையே வைத்துச் செய்கிற வழி: டி-யில் இருப்பதை வெளியே காப்பி எடுத்துவிட்டு, டி-யை அழித்து, சி-யை 100 ஜிபி நீட்டி, மிச்சத்தில் புது டி போட்டு, திரும்ப காப்பி செய்வது. பழைய வழி, நாட்டுப்புற வழி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். டி-யில் 210 ஜிபி. யுஎஸ்பி 3 எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு நொடிக்கு 100 எம்பி என்று வைத்தால் 35 நிமிடம். திரும்ப வர இன்னொரு 35. முன்பக்க யுஎஸ்பி 2 துளையில் செருகினீர்கள் என்றால் நொடிக்கு 30 எம்பி தாண்டாது, போகவே இரண்டு மணி நேரம் ஆகும். நீலத் துளையில் செருகுங்கள்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. டி-யை அழித்த அந்த நிமிடத்தில் எக்ஸ்டர்னலில் இருப்பது பேக்கப் அல்ல, உலகத்தில் இருக்கும் ஒரே பிரதி. அது கீழே விழுந்தால் ஆறு வருஷக் கல்யாணமும் விழும். அதனால் அழிப்பதற்கு முன் இரண்டாவது பிரதி ஒன்று வேறு டிஸ்க்கில் இருக்க வேண்டும். காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையையும் பைட் அளவையும் ஒப்பிட்டு, நடுநடுவே பத்துப் படம் திறந்து பார்த்த பிறகுதான் டெலீட்.

பழைய மெஷின்களில் இன்னொரு சிக்கல் வரும். எம்பிஆர் என்ற பழைய பட்டா முறையில் இருக்கும் டிஸ்க்கில் பிரைமரி என்ற முதல்நிலைப் பார்ட்டிஷன் நாலுக்கு மேல் கிடையாது. அதனால் டி, இ இரண்டையும் எக்ஸ்டெண்டட் என்ற ஒரு பெரிய சுற்றுச்சுவருக்குள் போட்டிருப்பார்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பச்சைக் கோடு சுற்றி இருந்தால் அதுதான். அங்கே டி-யை அழித்தாலும் காலி நிலம் அந்தச் சுவருக்கு உள்ளேதான் கிடக்கும், சி-க்கு எட்டாது. தம்பியின் டிஸ்க்கில் டி கருநீலம், அதாவது பிரைமரி. தப்பித்தார்.

மூன்றாவது வழி எல்லாரும் யூடியூப்பில் பார்த்துவிட்டு வருவது: தனி பார்ட்டிஷன் மென்பொருள். காசுக்கும் இருக்கிறது, இலவசமாகவும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது லினக்ஸில் ஓடும் ஜிபார்ட்டெட். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, டி-யின் இடது ஓரத்தை மவுஸால் பிடித்து இழுத்தால் போதும். பார்க்க ரொம்ப அழகு. அப்ளை அமுக்கியதும்தான் அழகு முடிந்து வேலை தொடங்குகிறது. டி-யை 300 ஜிபி ஆக்கி வலப்பக்கம் தள்ள வேண்டும் என்றால் அந்த 300 ஜிபியையும், காலிப் பகுதியை விடாமல், ஒரே டிஸ்க்கில் ஓரிடத்தில் படித்து இன்னோரிடத்தில் எழுதும். ஹார்ட் டிஸ்க்கின் ஊசி இரண்டு இடத்துக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். நொடிக்கு 40 எம்பி வந்தால் பெரிது. அப்படி வந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அந்த இரண்டு மணி நேரமும் உங்கள் டி டிரைவ் பாதி பழைய இடத்தில், பாதி புது இடத்தில். கடையில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும்.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. கடலூர் மாவட்டத்தில் பல ஊர்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அடுத்த வருஷம் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். அந்த அட்டவணையை நம்பி, கரண்ட் வந்தவுடன் ஒரு மென்பொருளில் (பெயர் வேண்டாம், தப்பு அதன் மேல் இல்லை) இ டிரைவை நகர்த்த விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்றைக்கு அட்டவணை மாறிவிட்டது. யுபிஎஸ் கீச்கீச் என்று கத்திக்கொண்டிருப்பது தெருமுனைக்கே கேட்டது. ஓடிவந்தபோது திரையில் 61 சதவீதம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது.

மூன்று வருஷ அழைப்பிதழ் டிசைன் அதில் இருந்தது. போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை இரண்டு இரவு ஓட விட்டேன். படங்கள் வந்தன, பல ஆயிரம். ஆனால் ஃபைல் பெயர் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எஃப் போட்டு ஒரு நீண்ட எண். எது நெல்லிக்குப்பம் கல்யாணம், எது பண்ருட்டி காதணி விழா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைத்தோம். என் வீட்டுக்காரி இன்றைக்கும் யுபிஎஸ் சத்தம் கேட்டால் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

இந்தப் பக்கம் மாதப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிப்பு பேப்பரில் வரும். அதைப் பார்க்காமல் இந்த வேலையில் உட்காரக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் உட்காரவே கூடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கத்தில் கரையேறியபோது யுபிஎஸ்ஸை நம்பி யாராவது பார்ட்டிஷன் நகர்த்திக்கொண்டிருந்தால் அவருக்கு என் அனுதாபம். ஆடிதான் சரி. முகூர்த்தம் கிடையாது, கஸ்டமர் அவசரப்படுத்த மாட்டார், மெஷின் இரண்டு நாள் படுத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

லேப்டாப் என்றால் பேட்டரி இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், மின்தடை பயம் குறையும். அங்கே வேறு பயம். புது லேப்டாப்களில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் நமக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். பூட்டிய பார்ட்டிஷனை ஜிபார்ட்டெட்டால் மாற்ற முடியாது. வேறு விதத்தில் கை வைத்தால் அடுத்த பூட்டில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். அந்தக் கீயை முன்கூட்டியே எடுத்து ஒரு தாளில் எழுதிவைக்காதவர்கள் எதையும் தொடக் கூடாது. சி-க்கும் டி-க்கும் நடுவே ஐந்நூறு அறுநூறு எம்பியில் ரெக்கவரி பார்ட்டிஷன் ஒன்று முளைத்திருந்தாலும் எக்ஸ்டெண்ட் மங்கும். அதைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். விண்டோஸ் படுத்துவிட்டால் எழுப்புவதற்கு இருக்கும் ஆள் அவர்தான்.

ஜிபார்ட்டெட் மோசம் என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் சரியாக அணைக்கப்படாமல் ஹைபர்னேட்டிலோ ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பிலோ இருந்தால் அது கை வைக்கவே மறுக்கும், அவ்வளவு ஜாக்கிரதை. என் வாதம் வேறு. அதன் வழிகாட்டியாகட்டும், காசுக்கு விற்பவர்களின் வழிகாட்டியாகட்டும், முதல் வரியில் முழு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கின்றன. சரி, எடுத்துவிட்டோம். எடுத்த பிறகு நாட்டுப்புற வழியில் பாக்கி என்ன? டி-யை அழிப்பது ஒரு நிமிடம், சி-யை நீட்டுவது ஒரு நிமிடம், திரும்ப காப்பி 35 நிமிடம். அந்தக் காப்பியின் நடுவே கரண்ட் போனாலும் எக்ஸ்டர்னலில் இருப்பது அசையாது. பேக்கப் எடுத்தவருக்கு நகர்த்தும் டூல் அதிகம் தேவைப்படாது. எடுக்காதவர் அதைத் தொடவே கூடாது. அப்படியானால் அந்த டூல் யாருக்கு என்று யோசித்தால், பச்சைச் சுவருக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கும், ஒன்றுக்கு மேல் ஓஎஸ் வைத்திருப்பவர்களுக்கும்தான் என்று எனக்குப் படுகிறது.

மொத்தமாக அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதும் ஒரு வழிதான். சர்வீஸ்காரருக்கு அது சுலபம். எங்களைப் போன்ற தொழிலுக்குச் சுலபமில்லை. பழைய பேஜ்மேக்கர், சிடி தொலைந்துபோன தமிழ் எழுத்துரு, ஆக்டிவேஷன் கீ எங்கே என்று தெரியாத ஆல்பம் மென்பொருள், பிரிண்டர் கலர் புரொஃபைல், எல்லாம் சி-யில்தான் இருக்கின்றன. பேக்கப் எடுத்துவிட்டு அழித்தால் டேட்டா போகாது, ஒரு வாரம் போகும்.

கடைசி வழி, புது எஸ்எஸ்டி வாங்கி, பழைய டிஸ்க்கை அப்படியே அதில் குளோன், அதாவது அச்சு நகல், எடுப்பது. செலவு இதில்தான் அதிகம். ஆனால் மற்ற எந்த வழியிலும் இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: பழைய டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுத வேண்டியதில்லை. குளோன் பாழானால் எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினால் காலையில் இருந்த மாதிரியே இருக்கும். குளோன் எடுக்கும் குளோனிசில்லா மென்பொருள் இலவசம், பயன்பட்ட பகுதியை மட்டும் படிப்பதால் காலி இடத்துக்கு நேரம் செலவழிக்காது. வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். புது டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். 1 டிபிக்குப் பதில் 960 ஜிபி எஸ்எஸ்டியை வாங்கிவந்துவிட்டு, ஏன் மறுக்கிறது என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். மேல்பக்கம் 2 டிபிக்கு மேல் போனால் எம்பிஆர் முறைக்கு அதற்கு அப்பால் கண் தெரியாது, ஜிபிடி என்ற புதிய பட்டா முறைக்கு மாற வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்த கதையும் இருக்கிறது. 11-க்குப் போக யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த தொடக்க முறை) வேண்டும், அதற்கும் ஜிபிடிதான் தோது. டேட்டா அழியாமல் மாற்ற, விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்டுஜிபிடி என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. பச்சைச் சுவர் இருந்தால் அதுவும் மறுக்கும்.

தம்பிக்கு நான் முதலில் நினைத்தது நாட்டுப்புற வழிதான். எதையும் தொடும் முன் வழக்கம்போல கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தேன். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் பெட்டி நீலமாக இருக்க வேண்டும். மஞ்சள். கெட்டுப்போன செக்டர்களை ஒதுக்கி மாற்று இடம் கொடுத்த எண்ணிக்கை ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் என் மனம் மாறிவிட்டது. மஞ்சள் டிஸ்க்கில் எந்த எல்லைக்கல்லும் நகரக் கூடாது. அதில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, இருப்பதை வெளியே எடுப்பது.

சிபியூவை என்னிடம் விட்டுவிட்டு பஸ் பிடித்துப் போய், மறுநாள் எக்ஸ்டர்னலும் 1 டிபி எஸ்எஸ்டியும் வாங்கிக்கொண்டு வந்தார். முதலில் டி, இ இரண்டிலும் இருந்த படங்களை எக்ஸ்டர்னலுக்கு எடுத்தோம். டிஸ்க் திணறியதில் சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் குளோன். முடிந்ததும் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் முதல் பூட். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் இருக்கும். சேர்த்து மாட்டினால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். எஸ்எஸ்டி தனியாக எழுந்தது. அதன்பின் அதில் டி-யை அழித்தோம். தம்பி கண்ணை மூடிக்கொண்டார். சி-யின் மேல் ரைட் கிளிக் செய்தேன், எக்ஸ்டெண்ட் வால்யூம் பளிச்சென்று கறுப்பில் தெரிந்தது. 100 ஜிபி சேர்த்தோம். மிச்சம் 300-இல் புது டி போட்டு, எக்ஸ்டர்னலிலிருந்து படங்களை இறக்கினோம்.

பழைய டிஸ்க்கை ஆன்டிஸ்டாட்டிக் கவரில் போட்டு, மேலே மார்க்கரால் தேதி எழுதி, கடற்காற்று படாத பீரோவில் வைக்கச் சொன்னேன். தம்பி தலையாட்டிக்கொண்டே சி டிரைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். 200 ஜிபி. பட்டை நீலம்.

"சூப்பர்ண்ணே" என்று பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகி, வில்லியனூர் ரிசப்ஷன் என்று பெயர் போட்ட 40 ஜிபி ஃபோல்டரை அப்படியே இழுத்து டெஸ்க்டாப்பில் போட்டார்.

"தம்பி, டெஸ்க்டாப் எந்த டிரைவ்ல இருக்கு?"

கை அப்படியே நின்றது. கேன்சல் அமுக்கிவிட்டு, டெஸ்க்டாப் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து லொகேஷன் தாவலை அவரையே அமுக்கச் சொன்னேன்.